ஒரே கண்ணாடி, இரண்டு பிரஷ்: அறிவியல் புனைவுத் தொடர்களில் தன்பாலினக் காதல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ, பிளாக் மிரர் என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சண்டைக்காகக் கேட்பவர்கள் உண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான். ஓர் எச்சரிக்கை: கதைகளின் முடிவுகளை எல்லாம் கீழே போட்டு உடைத்திருக்கிறேன். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

"ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லைப் பயன்படுத்தாதது ஏன்?

செய்தித்தாள்கள் பழக்கிவைத்த சொல் அது. அதற்குள் இருப்பது சேர்க்கை மட்டும்தான். காலையில் ஒருவர் காபி போட, இன்னொருவர் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து வைக்கும் வாழ்க்கைக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கையொட்டி, மரியாதைக்குரிய சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, தன்பாலினக் காதல் போன்ற சொற்கள் இன்று பரவலாகப் புழங்குகின்றன. நாம் பேசப்போவது காதலைப் பற்றி என்பதால் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

ராக்கெட்டும் ரோபோவும் பார்க்க வருகிற இடத்தில் இது எதற்கு?

கேட்க வேண்டிய கேள்விதான். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நிறவெறி எரிந்துகொண்டிருந்த காலத்தில், பனிப்போர் நடுவில், ஒரே விண்கலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணையும் ஜப்பானிய வழி வந்தவரையும் ரஷ்யரையும் உட்காரவைத்தது அது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் மனிதர்கள் இந்தப் பாகுபாடுகளை எல்லாம் தாண்டிவிட்டார்கள் என்பதுதான் கதையின் ஆதாரமே.

சரி, அப்படியொரு எதிர்காலத்தை முழுசாகக் கட்டிக் காட்டிவிட்டு, அதில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர்கூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? குடும்பக் கதையில் ஒரு பாத்திரம் இல்லை என்றால், அது அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். எதிர்கால உலகத்தில் ஒரு கூட்டமே இல்லை என்றால், இடையில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். இந்த வகைத் தொடர்களில் மௌனத்துக்கும் ஓர் அர்த்தம் இருப்பதால்தான் ரசிகர்கள் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்களா?

ஸ்டார் ட்ரெக் கலத்தின் கேப்டன் கிர்க், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்து அதிகாரி ஸ்பாக். தொடரில் காதலர்கள் இல்லை. ரசிகர்களின் கதைகளில் உண்டு. 1974இல் ஒரு ரசிகர் சிற்றிதழில் அந்த ஜோடியைப் பற்றிய முதல் கதை அச்சானது. அப்புறம் அது பெரும் மரபாகவே வளர்ந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டு எழுதும் வழக்கத்திலிருந்துதான் இந்த வகை எழுத்துக்கே 'ஸ்லாஷ்' என்ற பெயர் வந்தது.

இதில் வேடிக்கை, படைப்பாளி ஜீன் ராடன்பெரியே இந்த வதந்தியைத் தொட்டிருக்கிறார். 1979இல் வந்த முதல் திரைப்படத்தின் நாவல் வடிவத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஸ்பாக் தன் நண்பனுக்குச் சொல்லும் வல்கன் மொழிச் சொல்லுக்கு நண்பன், சகோதரன், காதலன் என்று மூன்று பொருளும் உண்டு என்று அங்கே விளக்கம் வருகிறது. அதை ஒட்டி, கிர்க் தனக்குப் பெண்கள்தான் பிடிக்கும் என்று பதிலும் சொல்கிறார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சியில் உண்மையான ஆண் ஜோடி வர 51 ஆண்டுகள் ஆனது ஏன்?

1966இலிருந்து 2017 வரை, கணக்கு சரிதான். எண்ணம் இல்லாமல் இல்லை. 1980களில் அடுத்த தலைமுறைத் தொடர் உருவான நேரத்தில், இனி வரும் கலத்தில் தன்பாலீர்ப்பாளர்களும் இருப்பார்கள் என்று ராடன்பெரி ரசிகர் மாநாட்டில் சொன்னார். அந்த நம்பிக்கையில் டேவிட் ஜெரால்ட் ஒரு கதை எழுதினார். பழைய தொடரில் குட்டி குட்டி ரோமப் பந்துகள் கலத்தை நிரப்பும் அந்தப் பிரபலமான எபிசோடை எழுதியவர் இவர்தான். புதுக் கதையின் பெயர் 'பிளட் அண்ட் ஃபயர்'. எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்த காலம் அது. ரத்ததானம் செய்ய மக்கள் பயந்து விலகிக்கொண்டிருந்தார்கள். கதையும் ரத்தத்தில் பரவும் ஒரு கொடிய தொற்றைப் பற்றியது.

அதில் இரண்டு ஆண் ஊழியர்கள். எவ்வளவு காலமாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, அகாடமியில் படித்த நாளிலிருந்து என்று பதில் வரும். ஏறக்குறைய அவ்வளவுதான். முத்தம் கிடையாது, உரை கிடையாது. அந்த இரண்டு வரிகூடத் தயாரிப்பு அறைக்குள் தாங்கவில்லை. மாற்றி எழுதச் சொன்னார்கள், எழுதினார், கடைசிவரை படமாகவில்லை. ஜெரால்டும் வெளியேறினார். பின்னாளில் ரசிகர்களே நடத்திய ஒரு தொடரில்தான் அந்தக் கதை உயிர்பெற்றது.

ஆனால் வேற்றுக்கிரகவாசிகளை வைத்து மறைமுகமாகச் சொன்னார்களே, அது கணக்கில் வராதா?

வரும். முழு மதிப்பெண் போட முடியாது, அவ்வளவுதான்.

1991இல் அடுத்த தலைமுறைத் தொடரின் 'தி ஹோஸ்ட்' எபிசோட். டாக்டர் பெவர்லி கிரஷர் ஒரு தூதுவரைக் காதலிக்கிறார். அவர் உண்மையில் உடலுக்குள் வாழும் இன்னோர் உயிர் என்று பிறகு தெரிகிறது. பழைய உடல் செத்ததும் புதிய உடல் பெண்ணாக வந்து நிற்கிறது. இந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க என்னால் முடியவில்லை என்று கிரஷர் விலகுகிறார். வந்தவள் அவர் மணிக்கட்டில் முத்தமிட்டுவிட்டுப் போகிறாள்.

1992இல் அதே தொடரின் 'தி அவுட்காஸ்ட்'. பாலினமே இல்லாத ஓர் இனம். அதில் தன்னைப் பெண் என்று உணரும் சோரென், கமாண்டர் ரைக்கரைக் காதலித்து மாட்டிக்கொள்கிறார். 'சிகிச்சை' கொடுத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். காப்பாற்ற ரைக்கர் ஓடிவரும்போது, இப்போது நலமாகத்தான் இருக்கிறேன் என்று அமைதியாகச் சொல்கிறார் சோரென். பார்த்தால் வயிறு கலங்கும் காட்சி. ஆனால் அந்த இனத்தவர் எல்லாரையும் நடிகைகளை வைத்தே எடுத்ததால், திரையில் தெரிவது ஓர் ஆணும் பெண்ணும்தான். சோரெனாக ஓர் ஆண் நடித்திருக்க வேண்டும் என்று ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸே பின்னால் சொன்னார். என் குறையும் அதேதான்: துணிச்சல் எழுத்தில் இருந்தது, நடிகர் தேர்வில் பின்வாங்கிவிட்டது.

'ரீஜாய்ன்ட்' பற்றி எல்லாரும் இவ்வளவு பேசுவது எதனால்?

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் நான்காம் சீசனில், 1995 அக்டோபர் 30 அன்று வந்த எபிசோட். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதியுங்கள்.

ட்ரில் என்றோர் இனம். அவர்களில் சிலருடைய வயிற்றுக்குள் புழு போன்ற ஓர் உயிர் வாழ்கிறது. உடல் செத்தால் புழுவை அடுத்த உடலுக்கு மாற்றுவார்கள், நினைவுகளும் கூடவே வரும். நமக்கு இது புதிதே இல்லை, கூடுவிட்டுக் கூடு பாய்வதுதான். ஜாட்சியா டாக்ஸ் என்ற பெண்ணுக்குள் இருக்கும் உயிர், முந்தைய ஒரு பிறவியில் டோரியாஸ் என்ற விமானியாக இருந்தது. அவனுடைய மனைவிக்குள் இருந்த உயிர் இப்போது லெனாரா கான் என்ற பெண் விஞ்ஞானியாக அதே விண்வெளி நிலையத்துக்கு வந்து இறங்குகிறது. போன ஜென்மத்துக் கணவன் மனைவி, இந்த ஜென்மத்தில் இரண்டு பெண்கள்.

அவர்கள் சேரக் கூடாது. ட்ரில் சமூகத்தில் அது பெரும் குற்றம். முன்பிறவி உறவைத் தொடர்ந்தால் நாடுகடத்தல், அந்த உயிருக்கு அடுத்த உடல் கிடைக்காது, அதாவது முழுச் சாவு. இரவு உணவுக்குச் சந்திக்கும்போதுகூட டாக்டர் பஷீர் நடுவில் துணைக்கு உட்கார்ந்திருக்கிறார், பெண்பார்க்கும் படலத்தில் மாட்டிக்கொண்ட சித்தப்பா மாதிரி. எபிசோடின் சாமர்த்தியம் என்னவென்றால், இருவரும் பெண்கள் என்பதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேஜர் கீராவுக்கு விளங்காததெல்லாம் முன்பிறவி உறவுக்கு எதற்குத் தடை என்பதுதான். விலக்கப்பட்ட காதலின் வலி முழுக்க அப்படியே இருக்கிறது, அந்த உலகத்தில் விலக்கின் காரணம் மட்டும் வேறு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

முத்தமும் உண்டு. அதை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓர் உள்ளூர் நிலையம் வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. குழுவினர் பின்னாளில் சொல்லும் ஒரு கதை இது: குழந்தைகள் இரண்டு பெண்கள் முத்தமிடுவதைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று ஒருவர் போனில் கத்தினாராம். ஒரு பெண் இன்னொரு பெண்ணைச் சுட்டிருந்தால் பரவாயில்லையா என்று போனை எடுத்தவர் கேட்டாராம். அதில் தப்பில்லை என்று பதில் வந்ததாம். அப்படியென்றால் உங்கள் பிள்ளைகளைக் கெடுப்பது யார் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

கடைசியில் லெனாரா போய்விடுகிறாள். மேல்தளத்தில் நின்று ஜாட்சியா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் வேறு கதை, இந்தக் காதல் நடந்த சுவடே இருக்காது. இதுதான் என் அளவுகோலும்: முத்தம் இருந்ததா என்பதைவிட, அந்த ஜோடிக்கு அடுத்த வாரம் இருந்ததா என்று பாருங்கள்.

பேபிலான் 5?

அதே 1995. இதுவும் ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் தொடர். இவானோவா, டாலியா என்ற இரண்டு பெண்கள் நெருங்கிய அந்த எபிசோடிலேயே டாலியா ஓர் ஒற்றர் என்று வெளிப்பட்டு, கதையை விட்டே போய்விடுகிறார். டாலியாவை நேசித்தேன் என்று இவானோவா அடுத்த சீசனில்தான் வாய்விட்டுச் சொல்கிறார், அதுவும் இழப்பாக.

கேப்டன் ஜாக் ஹார்க்னஸ் வந்ததும் என்ன மாறியது?

குற்ற உணர்ச்சி காணாமல் போனது. 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசி காலப்பயணம் செய்யும் பிரிட்டிஷ் தொடர் டாக்டர் ஹூ. 2005இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தவர் ரசல் டி. டேவிஸ். 51ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஜாக் யாரைக் கண்டாலும் வழிவார்: ஆண், பெண், வேற்றுக்கிரகம், பேதமே இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஆண்டு ஜூன் 18, சனிக்கிழமை மாலை, வீடே கூடி உட்கார்ந்து பார்க்கும் நேரம். சாகப்போகும் முன் ஜாக், டாக்டரின் பயணத்துணையான ரோஸை முத்தமிட்டு விடைபெறுகிறார், உடனே டாக்டரையும் அதே மாதிரி. இசை நிற்கவில்லை, கேமரா திகைக்கவில்லை.

அடுத்து அவருக்கே தனித் தொடர், டார்ச்வுட். 2007 புத்தாண்டு நாளில் வந்த எபிசோடில் ஜாக் 1941ஆம் ஆண்டுக் கார்டிஃப் நடன அரங்கில் மாட்டிக்கொள்கிறார். தன் பெயருக்கு உண்மையான சொந்தக்காரரான இளம் விமானியைச் சந்திக்கிறார். மறுநாள் அந்த விமானி இறந்துவிடுவார் என்பது ஜாக்குக்கு மட்டும் தெரியும். யூனிஃபார்ம் போட்ட கூட்டத்துக்கு நடுவில் இருவரும் கைகோத்து ஆடுகிறார்கள். காலப்பயணம் என்ற கருவியை இவ்வளவு மென்மையாகப் பயன்படுத்திய காட்சிகள் குறைவு.

ஆனால் டார்ச்வுட்டின் உண்மையான காதல், ஜாக்கோடு வேலை பார்க்கும் இயான்டோ ஜோன்ஸ். ஓட்டலில் ஓர் ஆணோடு உன்னைப் பார்த்தார்களாமே என்று அக்கா கிண்டிக் கேட்கும்போது, ஆண்கள் எல்லாம் இல்லை, அவர் மட்டும்தான் என்று தடுமாறுவான். 2009இல் ஐந்து இரவுகள் ஓடிய கதையின் நான்காம் இரவில், ஜாக்கின் கையிலேயே செத்துப்போகிறான். கார்டிஃப் துறைமுகத்தில் டார்ச்வுட் அலுவலக வாசலாகக் காட்டப்பட்ட மரச்சுவரில் ரசிகர்கள் கடிதங்களும் பூக்களும் ஒட்டத் தொடங்கினார்கள். கற்பனை மனிதனுக்கு உண்மையான நினைவிடம், பல ஆண்டுகள் தாண்டியும் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் இடமாகிவிட்டது.

எப்போது பார்த்தாலும் இவர்களையே கொல்கிறார்களே, தற்செயலா?

ஒன்றிரண்டு என்றால் தற்செயல். மூன்று சாவுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

2002 மே, பஃபி. அறிவியல் புனைவைவிட மாயப்புனைவு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இந்தப் பட்டியல் இங்கிருந்து தொடங்காமல் முடியாது. பிரிந்திருந்த வில்லோவும் டாராவும் சேர்ந்த மறுநாள், தோட்டத்தில் சுட்ட குண்டு ஜன்னலைத் துளைத்துவந்து டாராவைக் கொல்கிறது. குறி வேறொருவருக்கு.

2016 மார்ச் 3, தி ஹண்ட்ரட். அணுப்போருக்குப் பிந்தைய பூமி. கிளார்க்கும் பழங்குடிகளின் தளபதி லெக்ஸாவும் ஒரு சீசனுக்கும் மேலாகத் தயங்கித் தயங்கிக் கடைசியில் சேர்கிறார்கள். சில நிமிடங்களில், கிளார்க்குக்கு வைத்த குண்டு லெக்ஸா மேல் பாய்கிறது.

2025, ஆண்டோர், ஸ்டார் வார்ஸ் உலகம். நீண்ட பிரிவுக்குப் பிறகு வெல்லும் சின்டாவும் மீண்டும் சேர்கிறார்கள். அன்றைய நடவடிக்கையிலேயே, ஆயுதம் வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்த ஒரு புதுப் போராளியின் துப்பாக்கி கைகலப்பில் வெடிக்கிறது. சின்டா காலி.

மூன்று தொடர்கள், மூன்று எழுத்தாளர் குழுக்கள், 23 ஆண்டுகள். மூன்றிலும் மகிழ்ச்சி வந்த கையோடு சாவு வருகிறது, மூன்றிலும் தவறிப்பாய்ந்த குண்டு. யாரும் கூடிப் பேசித் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். கைக்குப் பழகிப்போன கதைத்திருப்பம், யோசிக்காமல் வந்து விழுகிறது. தன்பாலீர்ப்பாளரைப் புதைத்துவிடு என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது.

குளோன்களின் கதையான ஆர்ஃபன் பிளாக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. 2015 சீசன் முடிவில் கோசிமாவின் காதலி டெல்ஃபினைச் சுட்டு வீழ்த்தியவர்கள், அடுத்த ஆண்டே அவள் பிழைத்திருப்பதைக் காட்டினார்கள். கோசிமாவும் அவளும் கடைசிவரை இருந்தார்கள்.

போர்க்களக் கதையில் எல்லாரும்தான் சாகிறார்கள். லெக்ஸாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கூச்சல்?

நியாயமான எதிர்வாதம். நடிகை அலிசியா டெப்னம் கேரி வேறொரு தொடரில் முழுநேரம் நடித்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. பாத்திரத்தை அனுப்பித்தான் ஆக வேண்டும். எப்படி அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வி. தளபதியாகப் போரில் சாகவில்லை, காதல் காட்சி முடிந்த சூட்டில் சாகிறாள்.

இன்னொன்று, அந்தத் தொடரின் ரசிகர்களில் பதின்வயதுப் பெண்கள் ஏராளம். இந்த ஜோடியை நம்பலாம் என்ற எண்ணம் சமூக ஊடகத்தில் மாதக்கணக்கில் ஊட்டி வளர்க்கப்பட்டிருந்தது. கோபம் வீணாகப் போகவில்லை. தற்கொலை எண்ணத்தில் இருக்கும் பால்புதுமை (குயர்) இளைஞர்களுக்கு உதவும் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு ரசிகர்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். தயாரிப்பாளர் ஜேசன் ராத்தன்பர்க் அதே மாதம் 24ஆம் தேதி வருத்தம் தெரிவித்து நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் கிளெக்ஸாகான் என்ற மாநாடே தொடங்கியது. கிளார்க், லெக்ஸா இரண்டும் சேர்ந்த பெயர்.

டிஸ்கவரியும் அதே தப்பைச் செய்ததே?

செய்தது, அப்புறம் திருத்திக்கொண்டது. 2017இல் வந்த ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரியில் காளான் விஞ்ஞானி பால் ஸ்டாமெட்ஸும் மருத்துவர் ஹியூ கல்பரும் தம்பதி. நடித்த ஆண்டனி ராப், வில்சன் குரூஸ் இருவரும் நிஜத்திலும் தன்பாலீர்ப்பாளர்கள்.

இவர்கள் தம்பதி என்பது நமக்குத் தெரியவரும் காட்சியைப் பாருங்கள். ஐந்தாவது எபிசோடின் முடிவு. இருவரும் ஒரே கண்ணாடி முன் நின்று பல் தேய்க்கிறார்கள். கணவன் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டு பிழைத்து வந்திருக்கிறான், மருத்துவருக்கு உள்ளுக்குள் கோபம். வாயில் நுரையோடு பேசிக்கொள்கிறார்கள். அறிவிப்பும் இல்லை, வயலினும் இல்லை. ஜெரால்டின் இரண்டு வரி 30 ஆண்டு கழித்துப் படமானது போல எனக்குத் தோன்றியது.

2018 ஜனவரியில் கல்பரின் கழுத்தை முறித்துக் கொன்றார்கள். இணையம் பற்றி எரிந்தது. கதை முடியவில்லை, பொறுங்கள் என்று தயாரிப்புத் தரப்பு அன்றிரவே சொன்னது, முடிவைக் கசியவிட்டே ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை. 2019இல் கல்பர் திரும்பிவந்தார். வந்தவர் சந்தோஷமாகவும் இல்லை. செத்துப் பிழைத்த உடம்பு தன்னுடையதாகவே தோன்றவில்லை என்று கணவனை விட்டு விலகினார், மறுபடி சேர்ந்தார், பிறகு அடீரா என்ற இளையவருக்கு இருவரும் பெற்றோர் மாதிரி ஆனார்கள். 2024இல் தொடர் முடிந்தபோது இருவரும் உயிரோடு, சேர்ந்தே இருந்தார்கள்.

'சான் ஹுனிப்பெரோ' சந்தோஷமான முடிவா, சோகமா?

நண்பர்களிடையே தீராத சண்டை இது. 2016 அக்டோபரில், லெக்ஸா செத்து ஏழெட்டு மாதத்தில் வந்தது. பிளாக் மிரரின் கறுப்பான கதைகளுக்கு நடுவே ஒரு கடற்கரை ஊர், 1987, நடன அரங்கு. கூச்ச சுபாவ யார்க்கி, கலகலப்பான கெல்லி. பாதிக்கு மேல்தான் தெரிகிறது, அந்த ஊரே ஒரு கணினி உலகம். நிஜத்தில் இருவரும் மூதாட்டிகள். யார்க்கி 21 வயதில் தன் விருப்பத்தைப் பெற்றோரிடம் சொன்ன இரவில் கார் மோதி முடங்கியவள், நாற்பது வருடத்துக்கு மேல் படுக்கை.

எல்லாரும் பாட்டைப் பற்றியும் காரைப் பற்றியும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது கையெழுத்து விவகாரம். உடலை விட்டு நிரந்தரமாக அந்த ஊருக்குப் போக மூன்று தரப்பின் ஒப்புதல் வேண்டும்: நோயாளி, மருத்துவர், குடும்பம். மதப்பற்றுள்ள பெற்றோர் மறுக்கிறார்கள். அதனால் மருத்துவமனை ஊழியர் ஒருவரைச் சட்டத்துக்காகக் கட்டிக்கொள்ள யார்க்கி ஏற்பாடு செய்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட கெல்லி, நான் கட்டிக்கொள்கிறேனே என்கிறாள். திருமணம் என்பது கடைசி நேரத்தில் யாருக்குக் கையெழுத்துப் போட உரிமை என்ற கேள்வியாக வந்து நிற்கிறது. இதை முதலில் ஆண் பெண் ஜோடிக்கே யோசித்ததாகவும் பிறகு மாற்றியதாகவும் எழுதிய சார்லி ப்ரூக்கர் சொல்லியிருக்கிறார். மாற்றாவிட்டால் பாதிக் கனம் போயிருக்கும். 2017இல் இரண்டு எம்மி விருதுகள். என் ஓட்டு சந்தோஷத்துக்கு, சர்வரில் கரண்ட் போகாத வரை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரில் பில், ஃபிராங்க் எபிசோட் வெறும் ஒட்டுக்கதை என்கிறார்களே?

மூலக் கதை நகரவில்லை என்பது உண்மை. ஒன்றேகால் மணி நேரம், கதாநாயகர்கள் ஓரத்தில். 2023 ஜனவரி 29இல் வந்தது. காளான் தொற்று உலகை அழித்த பிறகு, வேலி போட்டுத் தனியாக வாழும் பில், தன் பொறிக்குழியில் விழுந்த ஃபிராங்குக்கு ஒருவேளைச் சோறு போடுகிறார். அந்த விருந்தாளி 16 வருடம் தங்குகிறார்.

பில்லின் துப்பாக்கிகளில் ஒன்றைச் சொல்லாமல் பண்டமாற்று செய்து ஃபிராங்க் விதைகள் வாங்கி வைத்திருப்பார். சில வருடம் கழித்து முதல் ஸ்ட்ராபெரி. பில் அதைக் கடித்ததும் சின்னப் பையன் மாதிரிக் கெக்கலித்துச் சிரிப்பார், உடனே சிரித்ததற்கு வெட்கப்படுவார். தாடி வைத்த முரட்டு மனிதரின் அந்த அரை நொடிக்கே நிக் ஆஃபர்மனுக்கு எம்மி கொடுத்திருக்கலாம். கொடுத்தார்கள்.

இருவரும் இறக்கிறார்கள், ஒரே இரவில், தாங்களே முடிவெடுத்து. அதற்கு முன் கிழவர்களாகி, சண்டை போட்டு, நோய் பார்த்துக் கஞ்சி ஊட்டி, அன்று காலையில் கல்யாணமும் முடித்துவிட்டார்கள். தொடருக்கு மூலமான வீடியோ கேமில் ஃபிராங்க் பில்லை வெறுத்துப் பிரிந்து பிணமாக மட்டுமே வருவார். தொடர் அவர்களுக்கு வயதாக விட்டது.

சென்சார் நிலைமை எப்படி?

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 2014இல் டாக்டர் ஹூவின் 'டீப் பிரெத்' எபிசோடில் பல்லிப்பெண் வாஸ்ட்ரா, மூச்சடக்கி ஒளிந்திருக்கும் தன் மனைவி ஜென்னிக்கு வாய்வழியாகக் காற்றுக் கொடுப்பார். பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு வந்த புகார்கள் ஆறு. ஆசிய ஒளிபரப்பில் அந்தச் சில விநாடிகளே காணோம், சிங்கப்பூர் ஒளிபரப்பு விதிகளைக் காட்டி வெட்டிவிட்டார்கள். ஆக, சிங்கப்பூர்த் தமிழர் வீட்டு டிவியில் அவள் மூச்சுத் திணறியபடியே இருந்திருப்பாள்.

இந்த வரலாற்றை ஒரே ஆளிடம் பார்க்க முடியுமா?

முடியும், ரொனால்ட் டி. மூர். 'ரீஜாய்ன்ட்' எழுதிய இருவரில் ஒருவர். பிறகு பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை நடத்தினார். அதில் கேட்டா, ஹோஷி என்ற இரண்டு ஆண்களுக்கு இடையே இருந்த காதல் இணையத்துக்கென்று எடுத்த துண்டு எபிசோடுகளில் மட்டும் வந்தது, பந்தியில் உட்காரவைக்காமல் பின்கட்டில் சோறு போட்ட மாதிரி. 2019இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஃபார் ஆல் மேன்கைண்டில் விண்வெளி வீராங்கனை எலன், பாம் என்ற பெண்ணைக் காதலித்துக்கொண்டே, தன்னைப் போலவே மறைந்து வாழும் லாரியைக் கட்டிக்கொள்கிறார். பல சீசன் அந்தப் பொய்யோடு வாழ்ந்து, அமெரிக்க ஜனாதிபதியாகி, பதவியில் இருக்கும்போதே உண்மையைச் சொல்கிறார். நிஜத்தில் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், 27 ஆண்டுகள் டாம் ஓஷானசி என்ற பெண்ணோடு வாழ்ந்தார் என்பது 2012இல் அவர் இறந்த பிறகு, இரங்கல் குறிப்பில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

எதில் தொடங்கலாம்? வீட்டில் பெரியவர்களோடு பார்க்கிற மாதிரி எது?

அம்மா அப்பாவோடு என்றால் செவரன்ஸ். அலுவலக நினைவும் வீட்டு நினைவும் அறுவை செய்து பிரிக்கப்பட்ட உலகம். இர்விங், பர்ட் என்ற இரண்டு வயதான ஊழியர்கள் ஓவியம் பார்க்கும் சாக்கில் நெருங்குகிறார்கள். செடிகளுக்கு நடுவே கை கையைத் தொடுவதோடு சரி, ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. கெல்லியையும் யார்க்கியையும் தனியாகவோ நண்பர்களோடோ பாருங்கள். 'ரீஜாய்ன்ட்' முக்கால் மணி நேரம்தான், முன்கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். புழு விஷயத்தை மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் படம் அதை விளக்குவதிலேயே போய்விடும்.